மடிப்பு விழுந்த கட்டடம்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பிய அலுவலகத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். “அய்யா இன்னிக்கு யாரையும் பாக்க மாட்டாருக்கா,” என்றான் பியூன் தம்பி. நாளை இடிக்க வந்துவிடுவார்கள். பிள்ளைகளிடம் போய் என்ன சொல்வது? எதிர்ச் சுவரில், மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் கட்டடத்தின் பெரிய ஓவியம். கிட்டே போனதும் பெயின்ட் வாடை அடித்தது.

சின்ன வயதில் நாங்கள் போன ராயபுரம் போட்டோ ஸ்டுடியோவின் திரைச்சீலையிலும் இதே வாடைதான். அதிலும் இதே வெள்ளைக் கட்டடம், இதே மணிக்கூண்டு. ரம்ஜானுக்கு ரம்ஜான் அத்தா எங்களுக்கு அத்தர் பூசி, அதன் முன்னால் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்க வைப்பார். அசல் கட்டடத்துக்குள் எங்களில் ஒருவரும் கால் வைத்ததில்லை.

துறைமுகச் சுவரோரம் இருந்த எங்கள் குடிசைகளை இடிக்க வந்தபோது அத்தா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சுவரில் மாட்டியிருந்த அந்தப் போட்டோ ஒன்றை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு ஓடி, புல்டோசரின் முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

“இத்தப் பாரு நைனா! நாங்க அந்த ஆபீஸ் ஆளுங்க. அது வாசல்லயே நின்னு எட்த்த போட்டோ இது. எங்க வூட்டுல கைய வெச்ச, உன் வேல பூடும்!”

ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. மணிக்கூண்டின் குறுக்கே தெரிந்த துணி மடிப்பை விரலால் தடவினார்.

“சாமான எடுத்துக்கம்மா,” என்றார்.

என் செல்போனைப் பியூன் தம்பியிடம் நீட்டிவிட்டு, ஓவியத்தின் முன்னால் போய் நின்றேன்.

“ஒரு போட்டோ எடு தம்பி,” என்றேன். “ஃபிரேம் மட்டும் தெரியாம எடு.”