ஐஸுக்கு அடியில் வைத்த மருந்து

நோயாளியைத் தவிர மற்றவர்கள் வெளியே நிற்கவும் என்று அந்தக் கிளினிக் கதவில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்றிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மனுசனுக்குச் சீனி வருத்தம், படித்தவர்கள் நீரிழிவு என்பார்கள். ஊசி போடுகிறவள் நான், மருந்தைப் பத்திரப்படுத்துகிறவள் நான், சோற்றை அளந்து போடுகிறவளும் நான். ஆனால் உள்ளே போய் டொக்டரிடம் கதைக்கிறவர் அவர். அவருக்கோ மேசைக்குப் பின்னால் கதிரையில் இருக்கிற யாரைக் கண்டாலும் ஒரே சொல்தான் வாயில் வரும்: ஓம்.

கடலில் நிற்கும்போது வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியோடே மல்லுக்கு நிற்கிற ஆள். சண்டைக்காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போய், முகாமில் பிள்ளைகளை வளர்த்து, எல்லாம் முடிந்த பிறகு தலைமன்னாருக்குத் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே முகாமுக்கு வருகிற பொலிஸ்காரர் என்ன கேட்டாலும் "ஆமாங்க ஐயா". இங்கே வந்த பிறகு ஆமிக்காரர் என்ன கேட்டாலும் "ஓம் சேர்". இல்லை என்று சொன்னவர்கள் பட்ட பாட்டை இரண்டு கரையிலும் பார்த்தவர். பிறகு அவருக்கு டொக்டர் என்ன, ஆமி என்ன, எல்லாம் ஒன்றுதான்.

ஊரில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது காணி மட்டும். வீட்டுத்திட்டம் வருகிறது, வருகிறது என்று தகரக் கொட்டிலில் காத்திருந்தோம். மின்சாரம் பெரிய றோட்டோடு நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் இனி விழுங்குகிற குளிசை போதாது, இன்சுலின் போடவேண்டும் என்றார்கள். மருந்து கொடுக்கிற யன்னலில் நின்றவர், இதைக் குளிராக வைக்கவேண்டும், சூடு பட்டால் பழுதாகிவிடும் என்று சொன்னார், அடுத்தவரைக் கூப்பிட்டார். பிரிட்ஜ் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இல்லை என்று நாங்களும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவேண்டும்? பழுதாகிற சாமானைக் குளிராக வைக்க மீன் பிடிக்கிறவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டுமா? எங்களிடம் மீன் வைக்கிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி இருந்தது. ஐஸ் லொறி வரும்போது நல்ல கட்டியாய்ப் பார்த்து எடுத்து, அடித்து உடைத்து, மருந்துப் போத்தலைப் பையில் சுற்றி நட்ட நடுவில் புதைத்தேன். குளிர் ஏறவென்று ஒரு பிடி உப்பும் தூவினேன். விலைபோகிற மீனுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம். காலையில் எடுக்கும்போது போத்தல் கல்லுப்போல இருக்கும். உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து இளக்கி, ஊசியில் இழுத்து, மாதாவே என்று சொல்லி அவருடைய வயிற்றில் போடுவேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

சீனி இறங்கவேயில்லை. இனிப்புச் சாப்பிடுகிறாயா என்று டொக்டர் கேட்டாராம், இவர் ஓம் என்றாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சீனி போட்ட தேத்தண்ணியைக் கண்ணால் கண்டே காலமாகிவிட்ட மனுசன், தின்னாத இனிப்பைத் தின்றேன் என்று ஒப்புக்கொண்டு வந்து நிற்கிறது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், இல்லை என்றால் டொக்டர் கோபிப்பார் என்கிறார். ஓம் என்றதற்கும் டொக்டர் ஏசித்தான் அனுப்பியிருந்தார். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். நான் அதையும் உப்புப் போட்ட ஐஸுக்குள் கண்ணுங்கருத்துமாய் வைத்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் உள்ளே வருவேன் என்று கதவடியில் நின்று வாதாடினேன். ஊசி போடுகிறவள் நான், டொக்டரோடு ஒரு சொல் கதைக்கவேண்டும் என்றேன். வாசலில் நின்றவர் என்னிடம் நம்பர் கேட்டார். வருத்தக்காரருக்குத்தான் நம்பர், எனக்கு வருத்தம் இல்லையே. உள்ளே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவருக்கும் மேலிடத்தில் ஏச்சு விழும், அது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. வாசல்காரரிடம் அவருடைய நம்பர்த் துண்டுகளைக் காற்றில் பறக்கவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் குந்தினேன்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். கரைவலை இழுத்துக்கொண்டு நின்றபோது சிப்பி ஓடு ஒன்று அவருடைய வலது பாதத்தில் வெட்டியது. முந்தியென்றால் கடல்தண்ணீரில் கழுவிவிட்டு வலையை இழுத்திருப்பார், காயமும் தானாகக் காய்ந்திருக்கும். இது காயவில்லை. விரல் கறுத்தது, பிறகு பாதம் மணத்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். காலைக் காப்பாற்றலாமா என்று பார்ப்போம் என்றார்கள். கால் போகப்போகிறது என்று வாட்டில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் யாரும் நேரே சொல்லவில்லை.

அந்த வாட்டில் ஒரு சின்ன டொக்டர் இருந்தா. தமிழ்ப் பிள்ளை, படிப்பு முடித்துப் புதிதாய் வந்தவ. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என்னை முக்காலியில் இருக்கச் சொன்னா. ஊசி எந்த நேரம் போடுகிறேன், எப்படிப் போடுகிறேன் என்று என்னிடமே கேட்டா. அவ்வளவு காலத்தில் என்னிடம் கேட்ட முதல் ஆள். எனக்கு வாய் கொள்ளவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"கரண்ட் இல்லையெண்டா மருந்தை எங்க வைக்கிறியள் அம்மா?"

"மீன் பெட்டிக்குள்ள, ஐஸுக்கு அடியில. உப்பும் போட்டு. ஒரு நாளும் சூடு பட விட்டதில்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தா. பிறகு மெதுவாகச் சொன்னா.

"உறைஞ்சா அந்த மருந்து வேலை செய்யாது அம்மா. நீங்கள் போட்டது வெறும் தண்ணிதான்."

மண்முட்டியில் தண்ணீர் விட்டு, மருந்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அதற்குள் மிதக்கவிட்டிருந்தாலே போதுமாம். முட்டி எங்கள் வீட்டில் இருந்தது. அடுப்படியில் சும்மாதான் கிடந்தது. அன்று முழுக்க அந்த முக்காலியை விட்டு என்னால் எழும்ப முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவர் கவைக்கட்டையில் நடக்கப் பழகிய பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். நோயாளிகளின் குரலைக் கேட்கவேண்டும், நோயாளிதான் நடுவில் இருக்கவேண்டும் என்று துணியில் பெரிதாய் எழுதிக் கட்டியிருந்தார்கள். வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் அந்தச் சின்ன டொக்டர் கேட்டதற்காக இரண்டு பேரும் போனோம். மைக்கை முதலில் இவரிடம் கொடுத்தார்கள்.

எல்லாரும் நல்லாகப் பார்த்தார்கள், தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார் என் மனுசன். கை தட்டினார்கள்.

அடுத்து மைக் என்னிடம் வந்தது. சொல்ல நினைத்து வந்ததை எல்லாம் சொன்னால் அத்தனை பேருக்கு முன்னால் அவர் பொய்யராகிவிடுவார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தும்போது பார்க்கிற அதே பார்வை.

"மருந்து குடுக்கேக்க, அதை எங்க வைப்பியள் எண்டு ஒருக்காக் கேளுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். நன்றி அம்மா என்று சொல்லி எழுதிக்கொண்டார்கள். பிறகு சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகம் கொடுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாயா என்று முறுகினார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாய்க் கேட்டுவிட்டேன்.

"ஒரு கால் போயிட்டுது. இன்னும் என்னத்துக்கு அவையளுக்குப் பயப்பிடுறியள்?"

அவர் கவைக்கட்டையை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"மற்றக் கால் இருக்கு. அதுக்கு ஏதும் எண்டாலும் அவையளிட்டத்தான் போகவேணும்."