சாவு வீட்டுக் கோப்பி

புக்கிட் பெருந்துங் கடைவரிசையைத் தாண்டி செரண்டா பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. டையைக் கழற்றிப் பையில் திணித்திருந்தேன். சப்பாத்து இரவல், குதிகாலைக் கடித்தது. ஆராதனை பாதியில் இருக்கும்போதே எழுந்து வந்தவனை யாரும் கூப்பிடவில்லை.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன். சாராயம், சிகரெட் கூடாது; தேநீரும் கோப்பியும்கூடக் கூடாது என்றார்கள். படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். மற்ற போதனைகள் மெதுவாகத்தான் புரிந்தன. இது உடனே புரிந்தது. இருபது வருடச் சிகரெட்டை ஒரே வாரத்தில் விட்டேன். ஞாயிறுதோறும் சபை கூடும் கடைவீட்டு மாடியில் ரொட்டித் துண்டுகள் ஒரு தட்டிலும், சின்னக் கோப்பைகளில் தண்ணீர் இன்னொரு தட்டிலும் கைமாறி வரும். கொடுத்த வாக்கைக் காப்பவன் எடுக்கலாம். எந்த ஊரிலும் ஒரு வருடம் தங்கியிராத எனக்கு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்ட வரிசை அது ஒன்றுதான்.

அதற்கு முந்தின வாரம் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் என்னோடு திரிந்தவன். லயத்து வீட்டில் சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்தபோது அவனுடைய அக்கா கோப்பிக் குவளையை என் கையில் கொடுத்தார். அந்தக் குடும்பத்தின் கையால் எதையும் வாங்கிக் குடிக்காத வீடுகள் அதே லயத்தில் இன்னும் இருக்கின்றன. அங்கே குவளையை மறுத்தால், சாதி பார்க்கிறான் என்றுதான் அர்த்தம். குடித்தேன். மண்டிவரை குடித்தேன்.

சபைக்காரர் யாரும் பார்க்கவில்லை. நானேதான் அந்த ஞாயிறு காலை போய்ச் சபைத் தலைவரிடம் சொன்னேன். அவர் ராவாங்கில் ஆபீஸ் வேலை பார்ப்பவர், பிறந்தது தோட்டத்தில்.

“நாலு வாரத்துக்கு ரொட்டி, தண்ணி எடுக்காதீங்க பிரதர். தகுதி வரட்டும்.”

“சாவு வீடு பிரதர். வாங்கலன்னா அவங்க என்ன நெனைப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் லா. பச்சத் தண்ணி கேட்டிருக்கலாம்ல?”

“பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்துகிட்டு ஆர்டர் குடுக்கச் சொல்றீங்களா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சு முடிந்தது.

ஆராதனையில் ரொட்டித் தட்டு வந்தது. எடுக்காமல் பக்கத்திலிருந்தவனிடம் நீட்டினேன். பேக்டரிக்காரன், நன்றாகத் தெரிந்தவன்.

“என்ன பிரதர், ரொட்டிகூட சண்டையா?” என்று காதோடு கேட்டுவிட்டு, தன் துண்டை எடுத்து வாயில் போட்டான். முந்தின சனிக்கிழமை கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் அவனை டின் பீரும் கையுமாகப் பார்த்தேன். நான் காட்டிக்கொடுக்கவில்லை, இனியும் மாட்டேன். ஆனால் இது என்ன நியாயம்? வாயை மூடிக்கொண்டவனுக்குத் தகுதி இருக்கிறது. உண்மை பேசு என்றார்கள், பேசியவனுக்கு இல்லை.

அடுத்து தண்ணீர் வந்தது. ஒரு வாய்த் தண்ணீர். வரிசையில் எல்லாரும் குடிக்க, எனக்கு மட்டும் கூடாது. ஒதுக்கிவைக்கும் எந்த அவமானத்தை அந்த அக்காவுக்குச் செய்யக் கூடாதென்று கோப்பியைக் குடித்தேனோ, அதையே எனக்குச் செய்தார்கள். தட்டைக் கைமாற்றிவிட்டு எழுந்து படியிறங்கினேன்.

இருந்த இடத்துக்குத் திரும்பவில்லை; அன்று இரவு செரண்டா ரயில் நிலையப் பெஞ்சில் படுத்தேன். விடிந்ததும் பேக்டரி சாலையோரம் தேநீர் விற்கும் ஒட்டுக்கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் வேலை கேட்டேன்.

“தே ஆத்தத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

ஒரு குவளை ஆற்றிக் காட்டினேன். அதை என் பக்கமே தள்ளினார்.

“மொத கிளாஸ நீயே குடி.”

“எனக்குப் பச்சத் தண்ணி போதும்க்கா.”

“தே குடிக்காதவன் தே கடைக்கு வேலைக்கு வந்திருக்கான். நல்ல கூத்து லா!”

சிரித்துக்கொண்டே தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கத் தொடங்கின. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுத்த தேயை ஆற்றினேன்.