சீட்டின் பின்பக்கம்

அந்தச் சீட்டை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பதால் பேராசிரியர் அம்மா பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்: ‘வலி தாங்கல டாக்டர். ஒரு ஊசி போட்டு என்னை அனுப்பிடுங்க.’

விழுப்புரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வகுப்பறைகளைப் பெருக்குவது என் வேலை. நாலு பேர் பார்த்தாலே எனக்கு வியர்த்துவிடும். சாவைக் கேட்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். நோயாளி வேஷத்துக்கு ஆள் வேண்டும். “நீ நடிக்கவே வேணாம்பா, மூஞ்சியே போதும்” என்று அம்மா என்னைப் பிடித்துவிட்டார்.

முந்தின வாரம் வகுப்பில் கை தூக்கச் சொல்லியிருந்தார்கள். கேட்பவருக்கு ஊசி போடலாம் என்று பாதிப் பேர் தூக்கினார்கள். கோலியனூரிலிருந்து வந்து படிக்கும் தம்பி ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். “அவங்க உசுரு மேம், நாம யாரு தடுக்க?” என்று மேசையைத் தட்டினார். ஏற்கெனவே ஒருமுறை தேறாமல் போனவர். இதிலும் போனால் கூடப் படித்தவர்களை விட்டுப் பின்தங்கிவிடுவார்.

தேர்வன்று அவர் முறை வந்தது. கட்டிலில் படுத்தபடி சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்தேன். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. மேசையைத் தட்டிய அதே கை என் கையைப் பிடித்தது. “ஏண்ணா அப்படித் தோணுது?” என்றார்.

சீட்டில் அதற்குப் பதில் இல்லை. திருப்பிப் பார்த்தேன், வெறும் வெள்ளை. அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேசாவிட்டால் தம்பி தேறாமல் போய்விடுவார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் என் அப்பா தினமும் இதே ஊசியைத்தான் கேட்பார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. “டீவிய அந்தப் பக்கம் திருப்பி வெச்சிட்டாங்க டாக்டர்” என்றேன், வாயில் வந்ததை.

வகுப்பே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. “யாரு திருப்பினது?”

“நான்தான்” என்றேன், நோயாளி வேஷத்தை மறந்து.

“அவன் பாஸு. நீதான்பா பெயில்” என்றார் அம்மா.

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக டீவியை அப்பா பக்கம் திருப்பினேன். பிறகு, ஏன் சாகணும்னு தோணுது என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எத்தினி மாசமா சொல்லிக்கினு கீறேன், இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? டீவி கெடக்குது. என்னைத் திருப்பிப் போடுடா. முதுகு எரியுது.”

அடுத்த தடவை கை தூக்கச் சொன்னபோது தம்பி ஒரு கையைத்தான் தூக்கினார், அதுவும் பாதி. இன்று அவர் டாக்டர். அப்பா இப்போதும் சில நாள் ஊசி கேட்கிறார். அப்போதெல்லாம் சீட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்புவேன். தம்பி கேட்ட கேள்வியை அங்கே நானே எழுதி வைத்திருக்கிறேன். கூச்சத்தில் அப்பா முகத்தைப் பார்த்துக் கேட்க வராது. சீட்டைப் பார்த்து வாசிப்பேன்.

“படிச்சி முடிச்சிட்டியா?” என்பார் அப்பா. “ஜல்தி என்னைத் திருப்பு.”