சொன்னபடி டீ போட முடியாதவன்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் இருபத்துநான்கு வருடம் சேல்ஸ்மேனாக இருந்தேன். வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் புடவை பிரித்துப் போடுவது வேலை. பழைய முதலாளி படுத்த படுக்கையான பிறகு மகன்கள் வந்தார்கள். மெத்தையை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார்கள். எங்களுக்கெல்லாம் நீலச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். கூடவே ஓர் அட்டை. வருகிறவர்களிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும், அடுத்து என்ன சொல்ல வேண்டும், எத்தனை புடவைக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. நான் புடவை பிரிக்க ஆரம்பித்தபோது பெரிய மகன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த அட்டையை அவன் மேஜை மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் என்னைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. சேர வேண்டிய பணத்தை மட்டும் சரியாகக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணம்தான் என்னிடம் இருந்தது. அது போனால் வேறு கிடையாது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

இனி எவனிடமும் கைகட்டி நிற்கக் கூடாது, நானே முதலாளியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன தொழில் என்றுதான் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி போர்டு, ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி மண் கப்பு வைத்த டீக்கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. பெயரும் தூளும் கம்பெனியுடையது, கடை நம்முடையது. பிரான்சைஸ் என்றார்கள். விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். இரண்டாம் நாளே கம்பெனி ஆள் மெட்ராசிலிருந்து வந்து வீட்டு வாசலில் நின்றான்.

முப்பது வயசு இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். முதலில் ஒரு சின்னத் தள்ளுவண்டித் திட்டம் காட்டினான். பார்த்ததுமே எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அடுத்து ஏசி போட்ட பெரிய கடை ஒன்று. அதற்கு நான் வீட்டை விற்க வேண்டும். மூன்றாவதாக நடுத்தரமாக ஒன்றைக் காட்டினான். அதன் விலை என் கையில் இருந்த பணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"சார், காஞ்சிபுரத்துல இந்த மாடலுக்கு ஒரே ஒரு எடம்தான் ஒதுக்கியிருக்கோம். இன்னொரு பார்ட்டி நேத்தே பேசிட்டாங்க. உங்களப் பாத்ததும் உங்களுக்குத்தான் குடுக்கணும்னு எனக்குத் தோணுது" என்றான்.

அவன் செய்தது எல்லாம் என் வேலை. முதலில் மட்டமான புடவை, அடுத்து எட்டாத விலைப் புடவை, மூன்றாவதாக நான் விற்க நினைக்கிற புடவை. அது மடியில் விழுந்ததும், "இதே கலர்ல ஒரே பீஸ்தான்மா, காலைல ஒரு பார்ட்டி எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்பேன். எத்தனை பெண்கள் அந்த இடத்தில் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவன் எழுந்து போயிருக்க வேண்டுமே? போகவில்லை. எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பையன் வேலை தெரிந்தவன், இப்படிப்பட்டவனை வைத்திருக்கிற கம்பெனி நல்ல கம்பெனியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வித்தை தெரிந்தவனிடம் வித்தை பலிக்காது என்ற திமிர். புடவைக்கடைக்காரன் ஏமாறுகிற இடம் இதுதான். வேறு வேலை பார்த்தவனாக இருந்தால் இரண்டு நாள் யோசித்திருப்பான். நான் அன்று சாயங்காலமே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டேன்.

என் மனைவி ஒரு மருந்துக்கடையில் பதினைந்து வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். அன்று மதியம் சாப்பிட வந்தவள் விஷயத்தைக் கேட்டாள். கம்பெனி ஆள் அப்போதும் கூடத்தில் இருந்தான்.

"உங்க கடைய எடுத்து மூடினவங்க யாராவது இருந்தா நம்பர் குடுங்க சார், பேசிப் பாக்கறோம்" என்றாள்.

"மேடம், நம்ம கம்பெனியில யாரும் மூடினதே இல்ல."

"வாலாஜாபாத்துல பஸ் நிக்கிற எடத்துக்கிட்ட உங்க போர்டுதானே இருக்குது? மூணு மாசமா பூட்டிக்கினு இருக்குதே."

அவன் லேப்டாப்பைப் பார்த்தான். "அது ரெனவேஷன் மேடம்" என்றான்.

அவள் உள்ளே சாப்பிடப் போய்விட்டாள். அவன் போன பிறகு என்னிடம், "ஏனாத்தூர்ல ஒண்ணு ஓடிக்கினு இருக்குது. நாளைக்கு எனக்கு லீவு. போய் உக்காந்து பாத்துட்டு வரலாம். பணத்த அப்பறம் குடு" என்றாள்.

காலை எட்டு மணிக்கே ஏனாத்தூர் போய்விட்டோம். காலேஜுக்குப் போகும் கூட்டம் கடை வாசலில் நின்றது. கடைக்காரர் என்னைவிட நாலு வயது சின்னவர். முன்பு லாரி ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும் சிரித்துவிட்டு இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

அடுப்பின் மேலே ஒரு டைமர் இருந்தது. மணி அடித்ததும் இறக்கினார். தூள் ஒரு பொட்டலத்தில் வருகிறது, பிரித்துக் கொட்டினார். சர்க்கரை ஒரு கரண்டி, மேலே குவிந்ததை வழித்துத் தலை தட்டி.

"கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டா நல்லாருக்கும்பா" என்றேன்.

அவர் தலைக்கு மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். "போட்டா அடுத்த நிமிஷம் போன் வரும்ணா. போன மாசம் தொப்பி போடலன்னு வந்துச்சு."

"உங்க காசுல கடை வெச்சிட்டு அவன் எதுக்குக் கேக்கணும்?"

"எனக்கு இதான்ணா சௌகரியம். வீட்ல எனக்கு வெந்நி வெக்கத் தெரியாது. இங்க பெல் அடிச்சா எறக்கறேன். நல்லா இல்லன்னா கம்பெனிய திட்டுவானுங்க, என்னையா திட்டப் போறானுங்க?"

என் மனைவி கேட்டது வேறு. "நீங்க வீட்டுக்குன்னு காசு எடுக்க ஆரம்பிச்சது எப்பங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு வருஷம் ஆச்சுமா. வீட்டுக்காரி டீச்சரு, அது வரைக்கும் அவ சம்பளத்துலதான் சோறு. காலேஜ் லீவு வுட்டா இப்பவும் ஈ ஓட்டிக்கினுதான் இருக்கேன். அத மட்டும் கம்பெனிக்காரன் சொல்லல. நானும் கேக்கல."

மதியம் இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். நான் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் தலை தட்டினார். ஒரு முறைகூட மறக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு என் மனைவி சொன்னாள். "உனக்கு இது ஆவாதுய்யா."

"ஏன் ஆவாது?"

"ஒரு அட்டை குடுத்ததுக்கே மேஜ மேல வெச்சிட்டு வந்த ஆளு நீ. இவன் புக்கே குடுப்பான். அதுவும் நம்ம காசு வாங்கிக்கினு குடுப்பான்."

பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அவளும் கவலைப்படவில்லை. சோறு போட்டாள், வேலைக்குப் போனாள்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். முதலாளி ஆக வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய். எனக்கு வேண்டியிருந்தது, யாரும் எனக்கு வேலை சொல்லாமல் இருப்பது. இது வேறு, முதலாளி ஆவது வேறு. கம்பெனி விற்பது போர்டும் தூளும் மட்டும் இல்லை. 'இப்படிச் செய்' என்று சொல்வதையும் சேர்த்துத்தான் விற்கிறது. சொல்லப்போனால் அதற்குத்தான் காசு. டீ போடத் தெரியாதவன் அதைக் காசு கொடுத்து வாங்கினால் அவனுக்கு லாபம். லாரி ஆபீஸ்காரருக்கு லாபம். நான் வாங்கினால் ஒரு சண்டையைக் காசு கொடுத்து வாங்கினவன் ஆவேன். சரி, கம்பெனி இல்லாமல் தனியாக டீக்கடை போடலாம் என்றால், எனக்கும் டீ போடத் தெரியாது. எனக்குத் தெரிந்தது புடவை. அதை விட்டுவிட்டு டீக்குப் பின்னால் ஓடியதற்குக் காரணம், தெரிந்த தொழிலில் ஒருவன் என்னை மட்டம் தட்டிவிட்டான் என்பதுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மனைவியிடம், "நீ சொன்னது சரி. எனக்கு ஆவாது. விட்டுடலாம்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "எனக்கு ஆவும்" என்றாள்.

"இன்னா?"

"டாக்டர் பத்து மாத்திர எழுதினா பத்துதான் குடுக்கணும். எனக்கு எல்லாம் தெரியும்னு நான் மாத்தி குடுக்க முடியுமா? பதினஞ்சு வருஷமா அதான் பண்ணிக்கினு இருக்கேன். தூள் எவ்ளோ, சர்க்கர எவ்ளோன்னு ஒருத்தன் எழுதி குடுத்தா எனக்கு வேல மிச்சம். கடை எடத்தயும் பாத்துட்டேன். எதிர்ல ரெண்டு ஸ்கூலு, பக்கத்துல ஆஸ்பத்திரி. மொத்தமா லீவு வுடற ஏரியா இல்ல."

"வேலைய வுட்டுட்டா ஒரு வருஷம் சோத்துக்கு?"

"நீ வேற புடவைக்கடைக்குப் போ. உனக்குத் தெரிஞ்சது அதானே."

என் பணம், அவள் வேலை இரண்டும் ஒரே கடையில் போகும். கடை படுத்தால் இரண்டும் போச்சு. நான் மறுபடி ஒருவனிடம் கைகட்டி நிற்க வேண்டும். இருபத்துநான்கு வருடச் சம்பாத்தியத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் நீலச் சட்டையோ பச்சைச் சட்டையோ போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரம் தூக்கம் இல்லை. அவளிடம் கத்தினேன்கூட. ஆனால் ஏனாத்தூரில் நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என்ன கேட்டாள் என்பது மனதில் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பணத்தை அவளிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கம்பெனி ஆள் மறுபடி வந்தான். இந்த முறை அவள் நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறக்கமாட்டோம் என்று எழுதித் தர வேண்டும் என்றாள். மிஷின் ரிப்பேர் ஆனால் யார் செலவு என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "மேடம், இதெல்லாம் ஸ்டாண்டர்டு அக்ரிமென்ட். மாத்த முடியாது. அந்த இன்னொரு பார்ட்டி நாளைக்கு வராங்க" என்றான்.

"அப்ப அவங்களுக்கே குடுத்துடுங்க சார். பாவம், எவ்ளோ நாளா காத்துக்கினு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடி எழுந்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் கடையில் மெத்தைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள். புடவையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடுகிற பெண்தான் எங்களுக்குப் பயம். அவளிடம் எந்த வித்தையும் எடுபடாது. விலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட ஒருத்தியோடுதான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

பதினோரு நாள் போன் இல்லை. அவன் வரமாட்டான் என்று நான் சொன்னேன், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவனே கூப்பிட்டான். ரிப்பேர் செலவு நம்முடையதுதான், அதில் அவன் இறங்கவில்லை. ஆனால் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வேறு கடை கிடையாது என்று எழுதிக் கொடுத்தான். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவன் முதலில் என்னிடம்தான் நீட்டினான், நான் வாங்கவில்லை.

நான் இப்போது ஒரு சின்னப் புடவைக்கடையில் இருக்கிறேன். சம்பளம் பழையதைவிடக் குறைவு. வீடு அதில்தான் ஓடுகிறது. தெரிந்தவர்கள், "பிரான்சைஸ் எடுக்கலாமாபா?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். லாபம் வருமா, கம்பெனி நல்ல கம்பெனியா என்கிறார்கள். அதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் முதலில் நான் கேட்பது, "உன் காசுல நீ வெச்ச கடையில ஒருத்தன் வந்து உன்ன அதட்டினா பொறுத்துக்குவியா?" என்பது. பாதிப் பேருக்கு என் மேல் கோபம் வருகிறது. அவர்களிடம் மேற்கொண்டு பேசுவதில்லை.

டீக்கடை திறந்த நான்காம் மாதம், ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அங்கே போனேன். ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஒரு பையன் வந்திருந்தான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. அடுப்புப் பக்கம் கையை நீட்டி, "எத்தன வாட்டி சொல்றது? துணிய இங்க வெக்கக் கூடாதுன்னு புக்லயே இருக்கு. படிக்க மாட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். டீ குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவன் பக்கமாக ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டேன்.

என் மனைவி, "சரிங்க சார்" என்றாள். துணியை எடுத்து உரிய இடத்தில் மாட்டினாள். கையைக் கழுவினாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, எதையும் விழுங்கிக்கொண்டது போலவும் இல்லை. மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து மாத்திரை எடுக்கிறவளின் முகம்தான் அது. அடுத்த ஆளுக்கு டீ ஊற்றினாள். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னும் வேலைக்குப் போவலியா? மணி ஆவுது பாரு" என்றாள்.

நான் கடைக்குள் போகாமலே திரும்பி நடந்தேன்.