கம்பியை மாட்டியது நான்தான்

போன வருடம் ஐப்பசி மழையில், ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் மருமகள் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். அப்போது அவளை நிரந்தரமாக்கவில்லை, மூன்று மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்டிகைக்கு பஸ் டிக்கெட் எடுக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஒரே நேரத்தில் வந்தால் அந்த இணையதளம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இவள் இங்கிருந்து உத்தரவு கொடுப்பாள். கொழும்பில் உள்ள ஐந்து கம்ப்யூட்டர்கள் பெருங்கூட்டம் மாதிரி அதில் போய் நெருக்க வேண்டும்.

காலையில் நன்றாக ஓடியது. பதினொரு மணிக்குப் பிறகு ஐந்தில் ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. நிறுத்தினாள், திரும்பத் தொடங்கினாள், என்னென்னவோ மாற்றிப் பார்த்தாள். மேலதிகாரி கம்ப்யூட்டர் வழியாகவே சிங்களத்தில் பேசினார். தோட்டத்துச் சிக்னலை நம்பியது என் பிழை, இரண்டு மணிக்குள் ஓடாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்றார். எனக்கும் விளங்கியது.

காரணம் நானோ என்று எனக்குப் பட்டது. பதினொரு மணிக்கு அவள் தேத்தண்ணி குடிக்க எழுந்தபோது, அவள் எனக்குத் தந்த பழைய போனைச் சார்ஜ் ஏற்ற ஒரு கம்பியால் அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தேன். கூரை ஒழுகுமே என்று போனைத் துணியால் மூடியும் வைத்தேன்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எங்களை மேய்க்கும் தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா சத்தம் போட்டால் தலையைக் குனிந்து நின்றே பழகியவள் நான். வாயைத் திறந்தவளுக்குத்தான் அன்று அரை நாள் சம்பளம் போகும். அதே மாதிரி அடுப்படியில் நின்றேன். ஒன்றரை மணிக்கு அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த பிறகுதான் வாய் வந்தது.

"புள்ள, அதுல ஒரு கம்பிய நான்தான் மாட்டுனேன்."

துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உருவினாள்.

"இந்த போன மாட்டுனாலே இன்டர்நெட் குடுக்குற மாதிரி நான்தான் முந்தி வச்சிருந்தேன் அத்தை. நம்ம உத்தரவு கொழும்புக்குப் போயிருக்கு. பதில் அனுப்ப இந்தக் கம்ப்யூட்டரு ஒங்க போன் விலாசத்தக் குடுத்திருக்கு. அங்க பதில் வந்து சேர வழியில்ல."

எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் என்ன கண்டாக்கா?"

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஐந்தும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னது. தோட்டத்துச் சிக்னலில் குறை இல்லை, எங்கள் வீட்டுக் கம்பிதான் காரணம் என்று அவளே மேலதிகாரியிடம் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலையும் தங்கியது.

இப்போது எதைத் தொட்டாலும் உடனே அவளிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது பழைய பயம் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தப் பயத்தால் என் பிள்ளை இன்னொரு முறை அழக்கூடாது.