பெட்டிக்கு ஒரே பில்லர்

ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் காலை ரயிலில் பெண்கள் பெட்டி எஞ்சினுக்கு அடுத்ததாக இருக்கும். யார் செய்த ஏற்பாடோ தெரியாது. எஞ்சின் கக்குகிற புகை, கரித்தூள், சில நாள் நெருப்புப் பொறி எல்லாம் முதலில் எங்களுக்கு, மிச்சம் மீதிதான் ஆண்களுக்கு. ஜன்னலை மூடிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் சித்திரை மாதம் ஒரு தடவை அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதுவும் யுத்த காலம். உடைந்த ஜன்னல் பலகைக்கு மாற்றுப் பலகை கேட்டால், சண்டை முடியட்டும் பார்க்கலாம் என்பார்கள். என்னவோ ஹிட்லர் வந்து எங்கள் ஜன்னலை உடைத்த மாதிரி.

சென்ட்ரலில் இறங்கும்போது பத்துப் பெண்களும் கண் சிவந்து, கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிற மாதிரி இருப்போம். பார்க் டவுனில் நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்ட இன்ஸ்டிடியூட்டில் வாத்தியார் ஒரு நாள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று தணிந்த குரலில் விசாரித்தார். அன்றைக்குச் சாயங்காலமே கண் மருந்துச் சீசா ஒன்று வாங்கிவிட்டேன்.

மருந்துக் கடைக்காரர் டாக்டர் சீட்டெல்லாம் கேட்கவில்லை. கண் சிவப்புக்கு என்றேன், எடுத்துக் கொடுத்தார். பழுப்புக் கண்ணாடிச் சீசா, ரப்பர் குமிழ் வைத்த பில்லர் ஒன்று. பேனாவுக்கு மை விடுவோமே, அதே ஜாதி பில்லர்தான், கொஞ்சம் மெல்லியது. ஒரு சொட்டு விட்டால் கண் சுரீரென்று எரியும். ஐந்து நிமிஷத்தில் சிவப்பு போன இடம் தெரியாது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் பெட்டியில் காட்டினேன். அதற்கு மறுநாள் பெட்டியே என் வாடிக்கை ஆகிவிட்டது.

பெரம்பூரில் சிக்னலுக்காக ரயில் எப்படியும் நிற்கும். அதுதான் என் நேரம். பெஞ்சில் வரிசையாக எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வார்கள். நான் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, கீழ் இமையை விரலால் இழுத்து, சொட்டு விட்டு, அடுத்தவள், அடுத்தவள் என்று போய்க்கொண்டே இருப்பேன். ரயில் திடீரென்று கிளம்பினால் குறி தப்பும் என்று பில்லர் முனையை இமையோரத்தில் ஊன்றிக்கொள்வேன். முடித்ததும் புடவைத் தலைப்பில் ஒரு துடை. சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினேன்.

கள்ளிக்குப்பத்துக்காரி ஒருத்தி என் கூட்டாளி. காலேஜில் மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, பிறகு இன்ஸ்டிடியூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷின். நான் வேகமாக அடிப்பேன், தப்புத் தப்பாக. அவளும் வேகமாக அடிப்பாள், தப்பே இருக்காது. அவள் வீட்டில் ஏரிப் பாசன நெல், மூன்று ஜோடி மாடு. படித்த பெண் என்று அவள் ஒருத்திதான். ஆவடி ராணுவ டிப்போவில் பெண் டைப்பிஸ்ட் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்து, இரண்டு பேரும் போய்ப் பரீட்சை எழுதினோம். என்னை நாசூக்காக அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஆர்டர் வந்தது, ஒரு நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை டிப்போ டாக்டரிடம் கண் பரிசோதனையில் தேற வேண்டும்.

தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேலை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் சீசன் டிக்கெட் கிடையாது, டைப்ரைட்டிங் கிடையாது. திருமழிசையில் ஒரு வீட்டார் பெண் கேட்டுவிட்டுப் பத்து மாதமாகப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பதில் போய்விடும்.

திங்கட்கிழமை காலை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் விரலால் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கொரட்டூர் வளைவில் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் பெரம்பூர் வரை காத்திருக்கவில்லை. அங்கேயே பையைத் திறந்தேன்.

அன்றைக்குக் காலையில் விட்ட சொட்டு மத்தியானம் வரை தாங்கியது. மறுபடி சிவந்தது, மறுபடி விட்டேன். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. மெஷின்களுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, வாத்தியார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை இருபது நிமிஷத்துக்கு மேல் வெள்ளை நிற்கவில்லை. சிவப்பு முன்னைவிட அழுத்தமாக வந்தது. இடது கண் எதற்கும் சம்பந்தமில்லாதது, ஜோடியாக இருக்கட்டும் என்று அதிலும் விட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் சிவந்துவிட்டது. உள்ளே மணல் மாதிரி உறுத்துகிறது என்றாள். மருந்து வேலை செய்கிறது என்றேன். எனக்கு எதற்கும் பதில் தயாராக இருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வருகிற ரயிலில், நான் பில்லரை எடுத்ததும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் சீசாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். லேபிள் மேல் மருந்து வழிந்து வழிந்து பழுப்பேறியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு ஒற்றைக் கண்ணால் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"பி.ஏ.ல இன்னாடி படிச்ச நீ?" என்றாள்.

"இங்கிலீஷ் இலக்கியம். நீதான் பக்கத்துலயே இருந்தியே."

"இதுவும் இங்கிலீசுதான். நாலு வரிகூட இல்ல. இத்தப் படிக்க முடியலையா உனக்கு?"

ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று இருந்ததாம். கண்ணுக்குள் ஏதாவது விழுந்திருந்தால் இதை விடவே கூடாது, டாக்டரிடம் போகவேண்டும் என்றும் இருந்ததாம். மற்றதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாளில் எத்தனை சொட்டு விட்டேன் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை இருவரும் இன்ஸ்டிடியூட்டுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு. ரயிலில் ஏறியதும் அவள் எதிர்ப் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். ஆனால் பெரம்பூர் வந்ததும் மற்றவர்கள் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்கள். எனக்குப் பதவியை விட மனசு வரவில்லை. அன்றைக்கு முதல் ஆள் பட்டாபிராமிலிருந்து வருகிற ஒரு பெண். இமை இரண்டும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ராத்திரி தூக்கமில்லை என்றாள். நம்பினேன். அவளுக்கு விட்டு, தலைப்பில் துடைத்து, அடுத்த ஆறு பேருக்கும் விட்டு, கடைசியில் எனக்கும் விட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தபின் ஒரு லேடி டாக்டர் கூப்பிட்டார். கூட்டாளியைக் கீழே பார்க்கச் சொல்லிவிட்டு, மேல் இமையைச் சட்டென்று புரட்டினார். உள் பக்கம், மிளகில் நூறில் ஒரு பங்கு இருக்கும், கரித்துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பஞ்சால் ஒரு தொடுதல், வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அவள் கண் சிமிட்டும்போதெல்லாம் அது கருவிழியைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் மேலே வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன்.

"எந்தக் கழுதை இந்தச் சொட்டைப் போட்டது?" என்று டாக்டர் கேட்டார். நான் விரலைத் தூக்கினேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குமேல் பேச வேண்டியதையெல்லாம் அவளிடமே பேசினார். கருவிழியில் லேசான கீறல்தான், ஆறிவிடும். கொடுக்கிற களிம்பைத் தவிர வேறு எதையும் கண்ணில் விடக்கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து ஓரத்தைத் துடைத்தால் போதும். ஆனால் சொட்டை நிறுத்தியதும் சிவப்பு போய்விடாது. கண் அதற்குப் பழகிவிட்டது, இரண்டு மூன்று நாள் இன்னும் கூடச் சிவக்கும், அப்புறம் தானாக இறங்கும். கூட்டாளி நாளைக்குத்தான் பரிசோதனை என்றாள். டாக்டர் ஒரு சீட்டில் விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை டிப்போ வாசலில் அவளைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம். அவள் அண்ணன் மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நுகத்தடியில் சாய்ந்து நின்றுகொண்டு என்னை முறைத்தான். விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

நான் அவளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு சொட்டு. இருபது நிமிஷம் வெள்ளையாக இருக்கும். அதற்குள் டாக்டர் பார்த்துவிடுவார், கையெழுத்துப் போட்டுவிடுவார், அதற்கப்புறம் எப்படிச் சிவந்தால் யாருக்கென்ன. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். சீசா என் கையில்தான் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. திருமழிசைக்காரர்கள் அவள் கண்ணுக்குள் ஒரு தடவை வந்துபோயிருக்க வேண்டும்.

"அந்த டாக்டரு இன்னும் கொஞ்சம் நேரம் ஒக்காரச் சொன்னா?" என்றாள். "அவன் எதிருலயே செவக்குமேடி. அப்ப நான் ஏமாத்துக்காரி ஆயிடுவேன். இப்ப நோவுக்காரி மட்டும்தான்."

சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வெளியே மணலில் நின்றுகொண்டு, வேறு வேலை இல்லாமல், முதல் தடவையாக லேபிளை முழுசாகப் படித்தேன். பில்லர் முனை கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. ஒருவர் உபயோகித்ததை இன்னொருவர் உபயோகிக்கக்கூடாது. திறந்து ஒரு மாதமானால் கொட்டிவிட வேண்டும். நான் வாங்கியது பொங்கலுக்கு முன்னால். ஒவ்வொரு வரியிலும் என்னையே உட்காரவைத்துப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. மூடியைத் திருகி மருந்தை மணலில் கொட்டினேன். பில்லரைச் சுவரில் தட்டி உடைத்தேன். அவள் அண்ணன் அதையும் முறைத்துப் பார்த்தான்.

அவள் வெளியே வந்து சொன்னது இதுதான். டிப்போ டாக்டர் ஒரு வெள்ளைக்காரத் துரை, பலகையில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாராம், அடிவரி வரை படித்துவிட்டாளாம். சீட்டையும் படித்துப் பார்த்தாராம். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கண்ணோடு எடுத்துக்கொள்ள முடியாது, அடுத்த வாரத்தையும் தாண்டி வரும் திங்கட்கிழமை திரும்ப வா என்றாராம். அன்றைக்கும் சிவப்பு இருந்தால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு வேலை. பத்து நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தன. அம்மா வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்துப் பிரித்தாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. பட்டாபிராம் பெண்ணுக்குத் தூக்கமில்லாமல் போனது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. மெட்ராஸ் ஐ என்று நம் பட்டணத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்த கண்வலி. பெண்கள் பெட்டியில் அந்த வரிசையில் நான் சொட்டு விட்ட ஏழு பேரில் ஐந்து பேர் படுத்துவிட்டார்கள் என்று அப்பா ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். டாக்டரம்மா என்று இப்போது யாரும் சொல்வதில்லையாம். வேறு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அப்பா சாப்பிடப் போய்விட்டார்.

ஐந்து பேரைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், படுக்கையில் நான் யோசித்தது ஆறாவது ஒருத்தியைப் பற்றி. வியாழக்கிழமை அவள் சொட்டு போட்டுக்கொள்ளவில்லை, சரி. ஆனால் வெள்ளிக்கிழமை நான் அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தேனே. அந்தக் கையால் அவள் கண்ணைத் தொட்டிருப்பாளா. என் கையால் நான் என் கண்ணைத் தொட்டிருந்தேனா. தொட்டிருந்தேன். நான் எப்போதும் தொட்டுக்கொண்டே இருப்பவள். கூட்டாளிக்கு ஒரு கார்டு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், என் கை பட்ட கார்டு அவள் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று வைத்துவிட்டேன். என் துண்டு தனி, தலையணை தனி, தட்டு தனி. கண்ணில் தண்ணீரைத் தவிர எதுவும் விடவில்லை. பந்தயம் கட்டியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குச் சிவப்பு பாதி இறங்கியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் தெருவில் மாட்டுவண்டி நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். அவள் எதிர்ப்பக்கம் தண்ணீர்க் குழாயை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். முகம் தெரிந்தது, கண் தெரியவில்லை. எனக்கு இன்னும் மங்கல்தான். கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினேன்.

"அங்கியே நில்லு," என்றாள். "ஒரு அடி எடுத்து வச்ச, நான் வண்டி ஏறிடுவேன்."

நின்றேன்.

அவள் இடுப்பிலிருந்து ஒரு தாளை உருவி விரித்து என் பக்கம் காட்டினாள். வெள்ளையாக ஏதோ தெரிந்தது, கீழே ஒரு நீல முத்திரை. தெரியலைடி என்றேன். தெரியாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, காலேஜ் மேடையில் படிக்கிற மாதிரி இங்கிலீஷில் உரக்கப் படித்தாள். இன்னாரைத் தற்காலிக டைப்பிஸ்டாக நியமித்திருக்கிறோம் என்பதிலிருந்து. குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் தண்ணீர் வழிவதைக்கூடக் கவனிக்காமல் பார்த்தார்கள். ஒரு வார்த்தை விடவில்லை. காலை எட்டு மணிக்கு வரவேண்டும், செருப்பு போட்டிருக்க வேண்டும், நகையைப் பத்திரப்படுத்திக்கொள்வது அவரவர் பொறுப்பு. டிப்போ பெரிய துரையின் கையெழுத்து புரியாததால் அதை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.