கொன்வெட்டர் இரைச்சலும் ஏழு கோழியளும்

பேய் பிசாசு எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான். படிப்பு எட்டாம் வகுப்போடை சரி, ஆனா உந்த விசர்க்கதையளை நம்புற அளவுக்கு மூளை கெடேல்லை எண்டு ஒரு பெருமை. நீங்களும் சிரிப்பியள், சிரியுங்கோ.

உரும்பிராயிலை எங்கடை வெங்காயத் தோட்டத்துக்குப் பின்னாலை, சோலார் கரண்டை மாத்துற கொன்வெட்டர் ஸ்டேசன் ஒண்டு போட்டவங்கள். அண்டையிலயிருந்து வெயில் ஏறினால் மாமாவின்ரை ரேடியோவிலை பாட்டுமில்லை செய்தியுமில்லை, ஒரே ஙீ எண்ட இரைச்சல். மாமா எண்டது என்ரை மனுசியின்ரை தகப்பன். கண் தெரியாது, ரேடியோதான் அவருக்கு எல்லாம். நான் ஸ்டேசனிலை போய்ச் சண்டை பிடிச்சுப்போட்டு வந்து பெரிய வீரன் மாதிரிச் சொன்னன். மனுசன் சந்தோசப்படேல்லை.

"வேண்டாம் தம்பி, விடும். அந்த இரைச்சலுக்குள்ளை மாமி தீன் போடக் கோழி கூப்பிடுறா."

மாமி செத்து மூண்டு வருசம். "செத்தவவுக்கு மீடியம் வேவ்தான் கிடைச்சுதோ மாமா? போனிலை எடுக்கச் சொல்லுங்கோ" எண்டு பகிடி விட்டன்.

அடுத்த நாள் காலமை பத்து மணியிருக்கும், ரேடியோ இரையுது, முத்தத்திலை நிண்ட ஏழு கோழியும் செட்டையடிச்சு ஓடியந்து அதைச் சுத்தி நிக்குதுகள். என்ரை காதிலை ஒரு மண்ணும் விழேல்லை. கோழிக்கு என்ன மூளை எண்டு நினைச்சன். பிறகுதான் உறைச்சுது, உதுகள் மாமி செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு நான் வாங்கினது. அவவின்ரை குரலை முட்டைக்குள்ளை இருந்தும் கேட்டிருக்காதுகள்.

அண்டைக்கே ஸ்டேசன் இஞ்சினியர் வந்திட்டான். மாமா அவன்ரை கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். "தம்பி, இரைச்சல் இருந்திட்டுப் போகட்டும்."

அவன் என்னைப் பாத்தான். நான், மகா புத்திசாலி, "கிழவன் அலட்டுது, நீர் வேலையைப் பாரும்" எண்டன்.

ஸ்டேசனிலை இரைச்சலை மறிக்கிற ஏதோ பில்டர் பூட்டினாங்கள். ரேடியோ கணீரெண்டு பாடிச்சுது. மாமா அதை நிப்பாட்டினவர்தான், இண்டுவரைக்கும் போடேல்லை.

ஆனா கோழியள் பத்து மணிக்கு ஓடி வருதுகள், நம்பினால் நம்புங்கோ. இப்ப ரேடியோவுக்குக் கிட்டயில்லை, முந்தி மாமி நிண்டு தீன் போடுற குசினிக் கதவடிக்கு. கழுத்தை நீட்டி மேலை பாத்துக்கொண்டு நிண்டிட்டு, வெறும் நிலத்தைக் கொத்துதுகள். மாமா தட்டித் தடவி வந்து அதுகளுக்கு நடுவிலை குந்திக் காதைச் சாய்க்கிறார். மாமியின்ரை குரல் அவருக்குக் கேக்கேல்லையாம். கோழியளுக்குக் கேக்குது.

போன கிழமை ஒண்டைக் கறிக்கு அறுத்தன். இரைப்பை முட்டக் குரக்கன் தானியம், மாமி கோழியளுக்குப் போடுறது. மாமி போனாப்பிறகு எங்கடை வீட்டிலை குரக்கன் வாங்கினதேயில்லை. முத்தத்தைச் சுத்திக் கம்பிவலை, வெளியிலை போய் மேயவும் ஏலாது. கறி திறம் எண்டு மனுசி சாப்பிட்டவள், நான் தொட்டும் பாக்கேல்லை.

"கொத்துற சத்தம் கேக்குது தம்பி, நீரோ தீன் போட்டனீர்?" எண்டு மாமா ஒவ்வொரு நாளும் அந்தப் பத்து மணிக்குக் கேக்கிறார்.

"ஓம் மாமா, நான்தான்" எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.

நான் தீன் போடுறது பின்னேரத்திலை.